வீட்ல என்ன ஆல்பம் ஓடுது? அப்பாவுக்குக் கேக்காத வயலின்

ஹெட்போன் போட்டுட்டு இதைக் கேக்குறீங்கன்னா, முதல் வேலையா சவுண்டை ரெண்டு புள்ளி குறைச்சிடுங்க. ஏன்னு எபிசோட் முடியறதுக்குள்ள சொல்லிடுறேன்.

"இப்போ உங்க வீட்ல என்ன ஆல்பம் ஓடுது?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். மூணு ஆல்பம். அப்பா ஒண்ணு, தம்பி ஒண்ணு, அம்மா ஒண்ணு தேர்ந்தெடுத்தாங்க. ஆனா அந்த மூணையும் வரிசையா கேட்டதுல, எங்க வீட்ல பல வருஷமா யாருமே கவனிக்காத ஒரு விஷயம் வெளிய வந்துச்சு. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

எங்க வீடு கத்திவாக்கத்துல. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல போற கன்டெய்னர் லாரி சத்தம் எங்க ஹால்ல ஒரு நிரந்தர பேக்ரவுண்டு மியூசிக். ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் அது கொஞ்சம் அடங்கும். அதனால அந்த நேரத்துக்கு ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். வாரம் ஒருத்தர் ஒரு ஆல்பம் போடணும். முதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் முழுசா ஓடணும். ஸ்கிப் கிடையாது, ஷஃபிள் கிடையாது. நடுவுல யாரும் கிண்டல் பண்ணக் கூடாது. இந்தக் கடைசி விதியை எங்க தம்பி இதுவரைக்கும் காப்பாத்தினதே இல்ல.

முதல் ஆல்பம்: அப்பாவோடது

இளையராஜாவோட "ஹவ் டு நேம் இட்". 1986-ல வந்தது. சினிமாப் பாட்டு இல்ல, முழுக்க வாத்திய இசை. வயலின் வி.எஸ். நரசிம்மன். அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின கேசட், ரொம்ப நாள் எங்க பீரோவுல இருந்துச்சு. டேப் ரெக்கார்டர் போனதுக்கு அப்புறம் அவர் அதை முழுசா கேட்டதே இல்ல. அதனால தன்னோட முறை வந்ததும், "பாப்பா, அந்தக் கேசட்டை உன் ஸ்பீக்கர்ல போட முடியுமா?"ன்னு கேட்டார்.

கேக்காதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இந்த ஆல்பத்தை ராஜா ரெண்டு பேருக்குச் சமர்ப்பணம் பண்ணியிருக்கார். ஒருத்தர் தியாகராஜர், இன்னொருத்தர் ஜெர்மனியோட பாக். பாக் செஞ்சது என்னன்னா, ஒரே நேரத்துல ரெண்டு மூணு மெட்டு தனித்தனியா ஓடும், ஆனா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. நம்ம கர்நாடக சங்கீதத்துல ஒரே மெட்டு, அதுக்குள்ள வளைவும் நெளிவும். இந்த ரெண்டு பழக்கத்தையும் ஒரே வயலின் கையில கொடுத்துப் பார்த்தா எப்படி இருக்கும்? அதுதான் ஆல்பம். அதுல ஒரு பாட்டுக்குப் பேரே "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்". பாக்கை என் வீட்ல சந்திச்சேன்னு அர்த்தம். பாக் தனி வயலினுக்கு எழுதின ஒரு துண்டுல இருந்து அது கிளம்புது.

இதுல எனக்குப் பிடிச்சது, இந்தச் சந்திப்போட பழைய கதை எங்க ஏரியாவுக்குப் பக்கத்துலயே நடந்திருக்கு. இன்னைக்கு நாம ரிஃபைனரிக்காக மட்டும் பேர் சொல்ற மணலி இருக்கு பாருங்க, அங்கதான் முத்துஸ்வாமி தீட்சிதர் குடும்பம் கொஞ்ச காலம் இருந்துச்சு. மணலி முதலியார் குடும்பம்தான் அவங்களை ஆதரிச்சாங்க. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில வெள்ளைக்கார பேண்ட் வாசிக்கிறதைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு தீட்சிதர் சமஸ்கிருதத்துல சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம்னு சொல்றது அதைத்தான். அவரோட தம்பி பாலுஸ்வாமி ஐரோப்பிய முறையில வயலின் கத்துக்கிட்டு, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டு வந்தவர்கள்ல முக்கியமானவர். தியாகராஜரும் திருவொற்றியூருக்கு வந்திருக்கார். அங்க இருக்கிற திரிபுரசுந்தரி அம்மன் மேல அஞ்சு கீர்த்தனை பாடியிருக்கார்.

இதையெல்லாம் நான் பெருமையா சொல்லிட்டு இருக்கும்போது அப்பா குறுக்க வந்தார்.

"அது இருக்கட்டும் பாப்பா. இன்னா ஸ்பீக்கர் இது? வயலினை எங்கயோ போர்வைக்குள்ள வெச்சிக்கினு வாசிக்கிற மாதிரி கீது. கேசட்ல எவ்ளோ பளிச்சுன்னு இருக்கும் தெரியுமா?"

நானும் ஸ்பீக்கர் மேலதான் பழி போட்டேன். அடுத்த வாரம் ஃபிரெண்டுகிட்ட நல்ல ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிட்டு வந்து அதையே திரும்பப் போட்டேன். அப்பாவுக்கு அப்பவும் அதே போர்வை.

ரெண்டாவது ஆல்பம்: தம்பியோடது

அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-ல வெளியிட்ட "தெருக்குரல்". தமிழ் ராப் கேக்குறவங்களுக்கு அறிமுகம் தேவையில்ல. பீட் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த ஆல்பத்துல வார்த்தைதான் எல்லாமே. சாதி, நிலம், அரசியல்னு அறிவு மூச்சு விடாம பேசிட்டே போவார். ஒரு வார்த்தை தவறினா அடுத்த மூணு வரி கையை விட்டுப் போயிடும்.

அப்பா கால்ல தாளம் போட்டுட்டு ரசிச்சார். முடிஞ்சதும் தம்பி, "எப்படிப்பா?"ன்னு கேட்டான். "அடி நல்லா கீது. பையன் இன்னா சொல்றான்னுதான் புரியல. இந்தக் காலத்துப் பசங்க வாயைத் திறந்து பேசுறதே இல்ல"ன்னார். தம்பிக்குக் கோபம். அறிவு வாயைத் திறந்து பேசலன்னா வேற யார் பேசுறா?

அன்னைக்கு நைட்டு இன்னொண்ணு நடந்துச்சு. தம்பி, "அப்பா, கரெண்டு பில்லுக்குக் காசு குடுங்க"ன்னான். அப்பா திரும்பிப் பார்த்து, "காதுக்கு இன்னா?"ன்னார். நாங்க எல்லாரும் சிரிச்சோம். அப்பாவும் சிரிச்சார். இந்த மாதிரி ஜோக் எங்க வீட்ல நாலஞ்சு வருஷமா ஓடிட்டு இருக்கு.

மூணாவது ஆல்பம்: அம்மாவோடது

எல்.ஆர். ஈஸ்வரி பாடின மாரியம்மன் பாட்டுகள். ஆடி மாசம் வட சென்னையில எந்தத் தெருவுல நின்னாலும் கேக்குற குரல். லூர்து மேரி ராஜேஸ்வரின்னு ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்தவங்க பாடின பாட்டு இல்லாம இங்க ஒரு கூழ் ஊத்துற திருவிழாவும் நடக்காது. அது எங்க ஊருக்கு ரொம்பப் பொருத்தம்னு எனக்கு எப்பவும் தோணும்.

இதை ஆல்பமா உக்காந்து கேக்க முடியுமான்னு எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. கோயில் குழாய் ஸ்பீக்கர்ல மட்டுமே கேட்டுப் பழகினதால அதுல என்ன இருக்குன்னே கவனிச்சதில்ல. வீட்ல நிதானமா கேட்டா வேற மாதிரி இருக்கு. பம்பையும் உடுக்கையும் கீழ உருண்டுட்டே இருக்கு, அதுக்கு மேல அந்தக் குரல் அப்படியே நேரா நிக்குது.

அப்பா நிமிர்ந்து உக்காந்தார். "இது ரெக்கார்டிங்கு! எவ்ளோ தெளிவா கீது பார்"னார். ஸ்பீக்கர் அதேதான். ஹாலும் அதேதான். மூணுலயும் ரொம்பப் பழைய ரெக்கார்டிங் அதுதான், ஆனா அவருக்கு அதுதான் தெளிவு.

அப்பதான் எனக்கு உறைச்சது. வயலின்ல அவருக்குக் குறையறது மேல இருக்கிற பளபளப்பு. ராப்ல குறையறது மெய்யெழுத்து. பம்பையிலயும் ஈஸ்வரி அம்மா குரல்லயும் எதுவும் குறையல. அப்போ பிரச்சினை ஸ்பீக்கர்ல இல்ல.

தம்பி ஒரு சோதனை பண்ணான். அவனோட டிஜிட்டல் வாட்ச் அலாரத்தை அப்பா பக்கத்துல வெச்சு அடிக்க விட்டான். அந்த மாதிரி வாட்ச்ல வர்ற "பீப்" பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கும். அம்மா சமையல்கட்டுல இருந்து, "டேய், அதை நிறுத்துடா"ன்னு கத்தினாங்க. அப்பா பேப்பர் படிச்சிட்டே இருந்தார்.

காதுக்குள்ள என்ன நடக்குது?

அடுத்த வாரமே காது பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனோம். சத்தமில்லாத ஒரு சின்ன ரூம்ல உக்கார வெச்சு, ஹெட்போன் மாட்டி, கீழ் ஸ்தாயியில இருந்து மேல் ஸ்தாயி வரைக்கும் மெல்லிசா ஒலி கொடுப்பாங்க. கேட்டா பட்டனை அழுத்தணும். ஆடியோகிராம்னு ஒரு வரைபடம் வரும். அப்பாவோட கோடு கீழ் ஸ்தாயியில ஒழுங்கா போய், 4,000 ஹெர்ட்ஸ்கிட்ட ஒரு பள்ளத்துல விழுந்து, 8,000-ல கொஞ்சம் மேல ஏறுது. ரெண்டு காதுலயும் அதே பள்ளம்.

வயசானதால வர்ற கேள்விக் குறைவா இருந்தா கோடு மேல போகப் போக இறங்கிட்டே இருக்கும். நடுவுல பள்ளம் விழுந்து திரும்ப ஏறினா, பல வருஷ இரைச்சல்தான் முதல் சந்தேகம். சோதனை பண்ணினவங்க வரைபடத்தைப் பார்த்துட்டு, "ஐயா எந்தக் கம்பெனியில வேலை பார்த்தீங்க?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க.

ஏன் சரியா அந்த இடம்? நம்ம காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். உள்பக்கம் செவிப்பறை மூடியிருக்கும். பேனா மூடியை உதட்டுல வெச்சு ஊதினா ஒரே சுருதியில விசில் வருமே, அதே மாதிரி இந்தக் குழாய்க்கும் ஒரு சுருதி இருக்கு. அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி. வெளிய இருந்து வர்ற இரைச்சல்ல அந்தப் பகுதியைக் குழாயே பெருசாக்கி உள்ள அனுப்புது. சேதம் அதுக்குக் கொஞ்சம் மேல, 4,000 பக்கத்துல விழுது.

உள்காதுல நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு. அதுக்குள்ள பதினைஞ்சாயிரத்தை ஒட்டின எண்ணிக்கையில மயிர்ச்செல்கள். ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு சுருதி. கோழிக்கு அந்தச் செல் செத்தா திரும்ப முளைக்கும். நமக்கு முளைக்காது. பிறக்கும்போது வந்ததுதான் கடைசி வரைக்கும்.

சரி, பியானோவோட கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். பாட்டுல அவ்வளவு மேல யார் போறாங்க, அந்த இடம் போனா என்னன்னு தோணும். வயலின்ல ஒரு ஸ்வரம் வாசிச்சா அந்த ஒரு சுருதி மட்டும் வர்றதில்ல. அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, நாலு மடங்குன்னு மேல அடுக்கடுக்கா துணை ஒலிகளும் சேர்ந்து வரும். வயலினையும் புல்லாங்குழலையும் நாம பிரிச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறதுல அந்த அடுக்குக்குப் பெரிய பங்கு இருக்கு. அப்பாவுக்கு அடி ஸ்வரம் கேக்குது, மேல் அடுக்கு கேக்கல. அதனால மெட்டு இருக்கு, பளபளப்பு இல்ல. அவர் சொன்ன போர்வை அதுதான்.

பேச்சும் இப்படித்தான். ஆ, ஓ மாதிரி உயிரெழுத்துக்குப் பலம் கீழ் ஸ்தாயியில. ஸ, ஷ, ஃப மாதிரி ஒலிகளுக்குப் பலம் மேல் ஸ்தாயியில. அந்த மேல் பகுதி போனா "காசு"வும் "காது"வும் ஒண்ணாத்தான் கேக்கும். காது மந்தமானவங்ககிட்ட கத்திப் பேசினா ஏன் எரிச்சல் ஆகுறாங்கன்னும் இதுல புரியும். கத்தினா ஏற்கெனவே கேக்குற உயிரெழுத்துதான் இன்னும் பெருசா கேக்கும். கேக்காத மெய்யெழுத்து அப்படியேதான் இருக்கும். முகத்தைப் பார்த்து நிதானமா பேசுறதுதான் உதவும்.

முப்பது வருஷம்

அப்பா ஒரு பட்டறையில பிரஸ் மெஷின் ஓட்டினார். தகடை வெச்சு அடிக்கிற வேலை. முப்பது வருஷத்துக்கு மேல. பேர் சொல்லப் போறதில்ல, எங்க பக்கம் அந்த மாதிரி எத்தனையோ இருக்கு. அவங்க காலத்துல காதுக்கு அடைப்பான் கொடுத்தாங்களான்னு கேட்டேன்.

"கடைசி சில வருஷம் குடுத்தாங்க. நான் போடல."

"ஏன்ப்பா?"

"மெஷின் சத்தம் மாறினாத்தான் டை தளர்ந்திருக்குன்னு தெரியும் பாப்பா. காதை அடைச்சிக்கினு நின்னா கை போயிடும்."

எனக்கு அதுக்குப் பதில் தெரியல. விரலைக் காப்பாத்தக் காதைத் திறந்து வெச்சிருந்திருக்கார். மெஷினைச் சுத்தி ஒலித்தடுப்பு போடுறது, அடைப்பானோட வேலை பார்த்தாலும் கைக்கு ஆபத்து வராத மாதிரி பிரஸ்ஸுக்குப் பாதுகாப்பு வைக்கிறது, வருஷா வருஷம் காது சோதனை பண்றது. இதெல்லாம் தொழிலாளி தனியா முடிவு பண்ற விஷயமா என்ன?

அப்பா வேலை பார்த்த காலத்துல இந்தியாவுல தொழிற்சாலை விதிகள்ல 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்ங்கிறதுதான் வரம்பா இருந்துச்சு. உலகத்துல பல நிபுணர் அமைப்புகள் 85-ஐத்தான் வரம்பா சொல்றாங்க. 5 தானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியோட சக்தி ரெண்டு மடங்கு ஆகுது. 85-ல இருந்து 90-க்குப் போனா சக்தி மூணு மடங்குக்கு மேல.

இன்னொண்ணும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. அப்பா வேலை பார்த்த காலத்துல அமல்ல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட மூணாவது அட்டவணையில, இரைச்சலால வர்ற கேள்விக் குறைவும் ஒரு தொழில்சார் நோயா சேர்க்கப்பட்டிருந்துச்சு. இ.எஸ்.ஐ. சட்டத்துலயும் இருந்துச்சு. எங்க வீட்ல அதை ஒரு ஜோக்கா நினைச்சு சிரிச்சிட்டு இருந்தோம்.

ஆல்பம் திரும்ப ஓடுது

காதுக் கருவின்னதும் அப்பா முறைச்சார். "எனக்கு இன்னும் அவ்ளோ வயசாகல"ன்னார். கண்ணாடி போட்டப்போ இப்படி யாரும் சொல்லல, காதுன்னா மட்டும் ஏன்தான் இந்த வெக்கமோ. கடைசியில சம்மதிக்க வெச்சது ராஜாதான். "அந்த வயலினை ஒரு தடவை பழைய மாதிரி கேட்டுப் பாக்கறேன், அதுக்கு மட்டும்"னு ஒத்துக்கிட்டு, ரெண்டு வாரத்துக்குக் கருவியைச் சோதனைக்கு வாங்கிட்டு வந்தார்.

முதல் நாள் "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்" போட்டோம். சொதப்பல். வயலின் ஒரு ஸ்வரத்துல நீளமா நின்னப்போ உள்ள நடுங்குச்சாம். காரணம் அப்புறம்தான் தெரிஞ்சது. இந்தக் கருவிகளைப் பேச்சுக்காகத்தான் வடிவமைக்கிறாங்க. கருவியில வர்ற "கூ"ங்கிற விசிலை அமுக்குறதுக்கு உள்ள ஒரு வசதி இருக்கு. வயலின், புல்லாங்குழல்ல நீளமா வர்ற ஸ்வரத்தையும் அது விசில்னு நினைச்சு அமுக்கப் பாக்கும். திரும்பப் போய்ச் சொன்னோம். பாட்டுக்குன்னு தனியா ஒரு அமைப்பு போட்டுக் கொடுத்தாங்க. யார் வீட்லயாவது கருவி வாங்கிப் பாட்டு நல்லா இல்லன்னு கழட்டி வெச்சிருந்தா, இதைக் கேட்டுப் பாருங்க.

மறுபடி அதே பாட்டு. அப்பா ஒண்ணும் சொல்லல. முடிஞ்சதும், "பழைய மாதிரி இல்ல. ஆனா போர்வையை எடுத்துட்டான்"னார். அப்புறம், "மின்விசிறி இவ்ளோ சத்தம் போடுதா? ஏன் யாரும் சொல்லல?"ன்னு அம்மாகிட்ட சண்டை.

"தெருக்குரல்" இன்னும் அவருக்கு முழுசா பிடிபடல. தம்பி இப்போ பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வரிகளைப் பேப்பர்ல எழுதிக் கொடுக்கிறான். அப்பா விரலை வெச்சுப் படிச்சிட்டே கேக்குறார். ஒரு இடத்துல நிறுத்தச் சொல்லி, "இவன் சரியாத்தான்டா கேக்குறான்"னார். தம்பி அதை இன்னும் சொல்லிட்டுத் திரியிறான்.

இப்போ உங்க ஹெட்போன்

ஆரம்பத்துல சவுண்டைக் குறைக்கச் சொன்னேனே, அதுக்கு வர்றேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற பாதுகாப்பான அளவு, வாரத்துக்கு 80 டெசிபல்ல 40 மணி நேரம். அதே மூணு டெசிபல் கணக்கைப் போடுங்க. 83-னா 20 மணி நேரம். 90-னா வாரத்துக்கே 4 மணி நேரம்தான். 100-னா மொத்த வாரத்துக்கும் அரை மணி நேரம்கூட இல்ல.

கத்திவாக்கம் ஸ்டேஷன்ல ஏறி பீச்சுக்கோ சென்ட்ரலுக்கோ போறவங்க யோசிச்சுப் பாருங்க. ஜன்னல் திறந்த வண்டி, தண்டவாளச் சத்தம். பாட்டு கேக்கணும்னு சவுண்டை ஏத்துறோம். நம்மள யாரும் மெஷின்கிட்ட நிக்க வெக்கல, நாமே ஏத்திக்கிறோம். வெளிச்சத்தத்தை நல்லா அடைக்கிற ஹெட்போன் இருந்தா ஏத்த வேண்டிய தேவையே குறையும். சில போன்ல அளவைக் கணக்கு வைக்கிற வசதி இருக்கு, செட்டிங்ஸ்ல தேடிப் பாருங்க. கேட்டு முடிச்சதும் காதுல "ங்ங்"னு ரீங்காரம் வந்தா, அன்னைக்குப் பாட்டு போதும்.

அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்ல இருக்கிற வயசானவங்களோட உக்காந்து ஒரு ஆல்பம் முழுசா கேளுங்க. அவங்களுக்குப் பிடிச்சதையே போடுங்க. முடிஞ்சதும் "பிடிச்சிருக்கா?"ன்னு கேக்காதீங்க. "இதுல என்னென்ன கேட்டுச்சு?"ன்னு கேளுங்க. ஜால்ரா கேட்டுச்சா, சலங்கை கேட்டுச்சா, கடைசி வார்த்தை என்ன? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி வீட்லயே பண்ணக்கூடிய விஷயம் இது.

எங்க வீட்ல அடுத்த வாரம் என் முறை. என்ன ஆல்பம்னு இன்னும் முடிவு பண்ணல. நீங்க சொல்லுங்க. ஒரே நிபந்தனை, மேல் ஸ்தாயியில ஏதாவது இருக்கணும். அப்பா கேக்கணும்னு ஆசைப்படுறார்.